வார்டை விட்டு வந்தவங்க இன்னும் நர்ஸ் தானா? ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கறதா வேண்டாமா?

வெண்மேகம் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிச்சுட்டு சொல்லுங்க.

நான் நர்சிங் படிச்சு சர்ஜிகல் வார்டுல ரொம்ப வருஷம் இருந்தவ. முதுகு வலி, நைட் டூட்டி, வீட்ல பாத்துக்க வேண்டியவங்கன்னு எல்லாம் ஒண்ணா சேர்ந்ததுல வேலையை விட்டுட்டேன். இப்போ ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் செய்யற ஒரு கம்பெனியில அனலிஸ்டா இருக்கேன். டாக்டர் போடற மருந்து ஆர்டர் ஸ்கிரீன்ல எப்படித் தெரியணும், மருந்து குடுத்த நர்ஸ் எங்க டிக் பண்ணணும், இதையெல்லாம் யோசிச்சு எழுதிக் குடுக்கறதுதான் வேலை. பேஷன்ட்டைத் தொட்டு ரொம்ப காலமாச்சு.

போன மாசம் ஒண்ணு நடந்துச்சு. புது வெர்ஷன்ல மருந்து அளவெல்லாம் பாக்க ஒரே சீரா இருக்கணும்னு எல்லா எண்ணுக்கும் ஒரு தசமம் வர்ற மாதிரி பண்ணிட்டாங்க. மார்ஃபின் 1 மில்லிகிராம்னு ஆர்டர் போட்டா ஸ்கிரீன்ல 1.0 மில்லிகிராம்னு வரும். வரிசையா அழகாத்தான் இருந்துச்சு, எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. அதை பிரிண்ட் எடுத்தா புள்ளி கட்டத்தோட கோட்டு மேல விழுந்து மறைஞ்சுடும், இல்ல ராத்திரி மூணு மணிக்கு மங்கலான மானிட்டர்ல பாக்கறவங்க கண்ணுக்கு அது 10ன்னு தெரியும், பத்து மடங்கு மார்ஃபின் உள்ள போனா அந்த ஆளோட மூச்சு நின்னுடலாம். முழு எண்ணுக்குப் பின்னாடி புள்ளி சைபர் வரக்கூடாது, ஒண்ணுக்குக் குறைவா இருந்தா புள்ளிக்கு முன்னாடி சைபர் இல்லாம இருக்கக்கூடாது, இது எங்களுக்குப் படிக்கும்போதே மண்டையில ஏத்தினது. அமெரிக்காவுல ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் குடுக்கற ஜாயின்ட் கமிஷன் 2004லயே இப்படி எழுதவே கூடாதுன்னு பட்டியல் போட்டுடுச்சு.

ரிலீஸுக்கு முன்னாடி நானும் சைன் ஆஃப் குடுக்கணும். மாட்டேன்னு சொல்லிட்டேன். தேதி தள்ளிப்போகும்னு ஏகப்பட்ட பேச்சு, கடைசியில மாத்திட்டாங்க. ஆனா மீட்டிங்ல மேனேஜர் என்னைப் பாத்து, "நீங்க இப்போ நர்ஸ் இல்லயே, அனலிஸ்ட் தானே, ரிக்வயர்மென்ட்ல இல்லாத ஒண்ணுக்காக நீங்க எப்படி நிறுத்த முடியும்"னு கேட்டார். திட்டணும்னு கேக்கல அவர், நிஜமாவே புரியாம கேட்டார். எனக்கு அங்க வாய்ல வார்த்தை வரல.

அதே வாரம் நர்சிங் கவுன்சில்ல இருந்து ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வந்துச்சு. பணமும் கட்டணும், படிப்பு மணிநேரமும் காட்டணும். இந்த வேலைக்கு அது தேவையே இல்ல. நான் இன்னும் அந்தத் தொழிலைச் சேர்ந்தவ தானா, இல்ல பழசைப் பிடிச்சுக்கிட்டு தொங்கறேனா? நான் மாட்டேன்னு சொன்னது எந்த உரிமையில? வேற வேற தொழில்ல இருக்கறவங்க சொன்னா நல்லாருக்கும், எங்க ஆளுங்க கிட்ட கேட்டா "ஒன்ஸ் எ நர்ஸ் ஆல்வேஸ் எ நர்ஸ்"னு ஒரே வரியில முடிச்சுடறாங்க.

---

தூண்விட்டம் எழுதியது:

புதுப்பிங்க சிஸ்டர். நான் கட்டட ஸ்ட்ரக்சர் டிசைன் பண்றவன், என் பக்கத்துல இருந்து ஏன்னு சொல்றேன்.

1981 ஜூலையில அமெரிக்காவுல கன்சாஸ் சிட்டின்ற ஊர்ல ஹயாட் ரீஜென்சி ஹோட்டல் லாபியில தொங்கிக்கிட்டிருந்த நடைபாதைங்க இடிஞ்சு விழுந்து 114 பேர் செத்தாங்க. ரெண்டாவது மாடி நடைபாதையும் நாலாவது மாடி நடைபாதையும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா இருக்கும். முதல் டிசைன்ல கூரையில இருந்து ஒரே நீளக் கம்பி நாலாவது மாடியைத் தாண்டி ரெண்டாவது மாடி வரைக்கும் வரும். அவ்வளவு நீளத்துக்குத் திருகு வெட்டி நட்டைக் கொண்டு போறது கஷ்டம்னு ஸ்டீல் செஞ்சு குடுக்கறவங்க அதை ரெண்டு துண்டு கம்பியா மாத்தச் சொன்னாங்க, ஒண்ணு கூரையில இருந்து நாலாவது மாடிக்கு, இன்னொண்ணு நாலாவது மாடியில இருந்து ரெண்டாவது மாடிக்கு. பேப்பர்ல பாத்தா சின்ன மாத்தம் தான். ஆனா முன்னாடி கம்பி தாங்கிக்கிட்டிருந்த கீழ்மாடி பாரம் இப்போ நாலாவது மாடி பீம்ல தொங்குது, அந்த பீமுக்கு அடியில இருக்கற நட்டு மேல ரெண்டு மாடி பாரமும் வந்துடுச்சு, அப்படியே ரெட்டிப்பு. யாரும் உக்காந்து மறுபடி கணக்குப் போடல, ட்ராயிங் பொறுப்பு ஏத்துக்கற இன்ஜினியரோட சீலோட வெளிய போயிடுச்சு.

இதுல கிரிமினல் கேஸ் எதுவும் நிக்கல. ஆனா மிசௌரி மாநில இன்ஜினியர்ஸ் போர்டு ரெண்டு பேர் லைசென்ஸைப் பிடுங்கிடுச்சு. கணக்கு போட்டது வேற ஆளு, மாத்தச் சொன்னது வேற கம்பெனின்னு சொல்லி எல்லாம் தப்பிக்க முடியல. சீல் யாருதோ அவங்கதான் பொறுப்பு.

இதை ஏன் சொல்றேன்னா, கம்பெனி உங்களை வேலையை விட்டுத் தூக்கலாம், கோர்ட் தண்டிக்கலாம், அது எல்லா வேலைக்கும் பொது. உங்க தொழில்ல இருக்கறவங்களே உக்காந்து விசாரிச்சு இனி நீ இந்த வேலை பண்ணக்கூடாதுன்னு சொல்ல முடியும்னா அப்பதான் நீங்க ஒரு தொழிலைச் சேர்ந்தவங்க. பிடுங்க முடியற ஒண்ணு கையில இருக்கறதுதான் உங்க "மாட்டேன்"க்கு எடை. மேனேஜர் கேட்டதுக்கு பதில் அதான், நான் ரிஜிஸ்டர்டு நர்ஸ், தெரிஞ்சே இதுல கையெழுத்துப் போட்டா நாளைக்கு எங்க கவுன்சில்ல பதில் சொல்ல வேண்டியவ நான், நீங்க இல்லன்னு. அதை விட்டுட்டீங்கன்னா அடுத்த தடவை உங்க பேச்சு வெறும் அபிப்பிராயம்.

---

ரெண்டாம்குரல் எழுதியது:

தூண்விட்டம் சொன்னதுல பாதி ஒத்துக்கறேன், மீதி பாதிக்குத்தான் எழுத வந்தேன்.

நான் மாநாடுகள்ல மொழிபெயர்க்கற ஆள், கண்ணாடி பூத்துக்குள்ள உக்காந்து பேசறவங்க பேசப் பேச இன்னொரு மொழியில சொல்ற வேலை. எங்களுக்கு பெரும்பாலான இடத்துல லைசென்ஸே கிடையாது, யார் வேணா நாளைக்கு நான் இன்டர்பிரட்டர்னு கார்டு அடிச்சுக்கலாம். அதுக்காக எங்களுது தொழில் இல்லன்னு ஆயிடுமா? 1953ல பாரிஸ்ல ஆரம்பிச்ச ஏஐஐசின்னு எங்க சங்கம் ஒண்ணு இருக்கு. அதுல சேர்றதுக்கு பரீட்சை எழுத வேண்டாம். ஏற்கனவே உறுப்பினரா இருக்கறவங்க, உங்க கூட வேலை செஞ்சு உங்களைக் காதால கேட்டவங்க, இந்த மொழியில இருந்து அந்த மொழிக்கு இவர் பண்றது சரியா இருக்குன்னு பேர் போட்டு உறுதி குடுக்கணும், மொழிக்கு மொழி தனித்தனியா. அதாவது உள்ள இருக்கறவங்க தன் பேரை உங்க மேல வைக்கணும். எந்த சர்ட்டிஃபிகேட்டை விடவும் எனக்கு அது பெருசு.

இன்னொரு விஷயம். பூத்துல ரெண்டு பேர் இருப்போம், ஏறக்குறைய அரைமணிக்கு ஒரு தடவை மைக் மாறும், அதுக்கு மேல ஒரே ஆள் பேசினா தரம் இறங்கிடும், பேசறவங்களுக்கே அது தெரியாது. மைக் இல்லாத நேரம் ஓய்வு நேரம்னு வெளிய இருக்கறவங்க நினைப்பாங்க. ஒழுங்கான கூட்டாளி அப்போ பேனாவும் கையுமா இருப்பாங்க. மேடையில பேசறவர் நாலு எண், ரெண்டு பேர், ஒரு வருஷம்னு மடமடன்னு சொல்லும்போது அதை எல்லாம் பெரிய எழுத்துல பேப்பர்ல எழுதி மைக்ல இருக்கறவங்க கண்ணுக்கு நேரா தள்ளி வைப்பாங்க. ஒரு சத்தமும் இருக்காது. ஹால்ல யாருக்கும் தெரியப் போறதில்ல, அதுக்குன்னு யாரும் காசு தர்றதும் இல்ல. ஒருத்தர் எங்க தொழில்காரரா இல்லையான்னு நாங்க கண்டுபிடிக்கறது அந்தப் பேப்பர்ல தான், மொழி எவ்வளவு தெரியும்ன்றது அப்புறம். போன்ல வாட்ஸ்அப் பாத்துக்கிட்டு உக்காந்தா அவங்க எவ்வளவு நல்லா பேசினாலும் அடுத்த தடவை யாரும் சேந்து வேலை பண்ண மாட்டாங்க.

லைசென்ஸ் பத்தி ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். கதவைக் காவல் காக்கறவங்க எப்பவும் தரத்தை மட்டும் பாத்து காக்கறதில்ல. 1865ல இங்கிலாந்துல எலிசபெத் காரெட்ன்ற பொண்ணு மெடிக்கல் ஸ்கூல்ல எதுவும் சேத்துக்காததால தனியா பாடம் எடுத்துக்கிட்டு அப்போதிக்கரீஸ் சொசைட்டின்ற மருத்துவ சங்கத்தோட பரீட்சையில பாஸ் பண்ணி டாக்டரா லைசென்ஸ் வாங்கினாங்க. சொசைட்டி விதியில பொண்ணு வரக்கூடாதுன்னு எழுதாம விட்டிருந்ததால தடுக்க முடியல. உடனே என்ன பண்ணாங்க, தனியா படிச்சவங்க இனிமே செல்லாதுன்னு விதியையே மாத்தி அடுத்து வர்ற பொண்ணுங்களுக்குக் கதவை அடைச்சுட்டாங்க. அதனால வெளிய நிக்க வேண்டியிருந்த பொண்ணுங்களுக்கு டாக்டர் வேலையோட தகுதி இல்லன்னா சொல்வீங்க?

சிஸ்டர், நீங்க அந்த 1.0வைப் பாத்ததும் பயந்தீங்க பாருங்க, பேஷன்ட்டும் இல்ல, வார்டும் இல்ல, ராத்திரி மூணு மணிக்கு யாரோ முகம் தெரியாத ஒரு நர்ஸ் இதைப் படிப்பாங்களேன்னு. எங்க பேப்பரும் அதேதான். நீங்க ரினிவல் பண்ணாலும் பண்ணாட்டியும் உள்ள தான் இருக்கீங்கன்னு எனக்குத் தோணுது.

---

அரைப்புள்ளி எழுதியது:

ரெண்டு பேரும் எழுதினதைப் படிச்சுட்டு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு, ஏன்னா நான் அந்த ஸ்கிரீனை எழுதற பக்கம் இருக்கற ஆளு. அதே கம்பெனி இல்ல, ஆனா அதே மாதிரி ப்ரோக்ராம் கோடு தான் தினமும் எழுதறேன். எல்லா எண்ணையும் ஒரே தசமத்துல காட்டற ஃபங்ஷன் ஒரு வரி தான் அக்கா, எழுத பத்து செகண்ட் ஆகாது, டெஸ்ட்லயும் பாஸ் ஆயிடும், ரிவ்யூ பண்றவரும் நல்லா சீரா இருக்கேன்னு ஓகே குடுத்துடுவார். அதுல ஒரு ஆளோட மூச்சு இருக்குன்னு எங்களுக்கு சொல்லித் தர்றதுக்கு யாரும் இல்ல.

எங்க தொழில்ல தூண்விட்டம் சார் சொல்ற மாதிரி பிடுங்கறதுக்கு எதுவுமே இல்ல. டெக்சாஸ்ல 1998லயே சாஃப்ட்வேர் இன்ஜினியருக்கு லைசென்ஸ் குடுக்க ஆரம்பிச்சாங்க, அப்புறம் 2013ல அமெரிக்கா முழுசுக்கும் அதுக்குன்னே ஒரு பரீட்சை வந்துச்சு, எழுத ஆளே வரலன்னு 2019ல மூடிட்டாங்க. யாருக்கும் தேவைப்படல, லைசென்ஸ் இல்லன்னாலும் வேலை கிடைக்குது.

ஃபோக்ஸ்வாகன் விஷயம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், 2015ல வெளிய வந்துச்சு. வண்டி டெஸ்ட் மெஷின்ல நிக்குதா ரோட்டுல ஓடுதான்னு ஸ்டீரிங் அசைவு மாதிரி விஷயங்களை வச்சு சாஃப்ட்வேரே கண்டுபிடிச்சு, டெஸ்ட்னா மட்டும் புகையை சுத்தம் பண்ணும், ரோட்டுல அனுமதிச்ச அளவுக்கு 40 மடங்கு வரைக்கும் நைட்ரஜன் ஆக்சைடு விடும். அதுல ஒரு இன்ஜினியருக்கு 2017ல 40 மாசம் ஜெயில். நான் யோசிக்கறது ஜெயிலுக்குப் போனவரைப் பத்தி இல்ல. அந்தக் கோடை எழுதினவங்க, ரிவ்யூ பண்ணவங்க, டெஸ்ட் பண்ணவங்கன்னு எத்தனை பேர் பாத்திருப்பாங்க, அவங்களுக்கு "நான் இன்ன தொழில்காரன், எங்க ஆளுங்க இதைப் பண்ண மாட்டாங்க"ன்னு சொல்லிக்க ஒரு வாக்கியம் இருந்துச்சா? அவங்க எல்லாரும் கம்பெனி ஆளுங்க, அவ்வளவுதான். கம்பெனி சொன்னா முடிஞ்சுது.

அதனால அக்கா, நீங்க இன்னும் தொழில்ல இருக்கீங்களான்னு கேக்கறீங்க, எனக்கு உங்களைப் பாத்தா பொறாமையா இருக்கு. உங்களுக்கு விடறதுக்காவது ஒண்ணு இருக்கு. எனக்கு சம்பளம் இருக்கு, நல்ல டீம் இருக்கு, ஆனா நான் எதைச் சேர்ந்தவன்னு கேட்டா கம்பெனி பேரைத்தான் சொல்லுவேன், கம்பெனி மாறினா அதுவும் மாறும். இதுக்கு என்ன பண்றதுன்னு யாராவது சொல்லுங்க.

---

பழையவார்டு எழுதியது:

நானும் நர்ஸ் தான்மா, இப்போ நர்சிங் பசங்களுக்குப் பாடம் எடுக்கறேன். எல்லாரும் நல்லா எழுதியிருக்காங்க, ஆனா நீ ரெண்டு கேள்வியைப் போட்டுக் குழப்பிக்கறேன்னு நினைக்கறேன். தொழிலைச் சேர்ந்தவளா இருக்கறது ஒண்ணு, இன்னைக்கு வார்டுல நின்னு வேலை பாக்கத் தகுதியோட இருக்கறது இன்னொண்ணு. நாளைக்கே நீ என் வார்டுக்கு வந்து நின்னா பாசமா கட்டிப்பிடிச்சுப்பேன், மருந்து அலமாரி சாவியைக் குடுக்க மாட்டேன். மருந்து ஏத்தற பம்ப்பு மாறியிருக்கும், மருந்து மாறியிருக்கும், கை வேகம் போயிருக்கும். அதுல வருத்தப்பட ஒண்ணும் இல்ல, திரும்ப வர்றவங்களுக்குன்னு தனிப் பயிற்சி இருக்கு, எடுத்துட்டு வரணும்.

ஆனா நீ வார்டுல இல்லாததாலயே நர்ஸ் வேலை பாக்கலன்னு யார் சொன்னது? பிரிட்டன்ல நர்சிங் கவுன்சில் 2016 ஏப்ரல்ல இருந்து எல்லா நர்ஸும் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை 450 மணி நேர வேலையும் 35 மணி நேரப் படிப்பும் காட்டணும்னு வச்சிருக்கு. அந்த 450ல கட்டில் பக்கத்துல நின்ன நேரம் மட்டும்தான் செல்லும்னு இல்ல. சொல்லிக் குடுக்கறது, நிர்வாகம், கொள்கை எழுதறது, நர்ஸ்ன்ற அறிவை வச்சுப் பண்ற எதுவா இருந்தாலும் செல்லும். நீ அந்த 1.0வை நிறுத்தினது அப்படி ஒரு மணி நேரம் தான். உங்க கவுன்சில் என்ன கணக்கு வச்சிருக்குன்னு முதல்ல போன் போட்டுக் கேளு, மெயிலைப் பாத்து நீயே முடிவு பண்ணாத.

இப்போ உரிமை பத்தி. பசங்களுக்கு நான் முதல் மாசமே சொல்றது, டாக்டர் எழுதிட்டார்ன்றது மருந்து குடுக்கறதுக்குக் காரணம் ஆகாது. பொட்டாசியம் குளோரைடை கலக்காம நேரா ரத்தக்குழாய்ல வேகமா ஏத்துன்னு எழுதியிருந்தா அதை எழுதினது எவ்வளவு பெரிய டாக்டரா இருந்தாலும் குடுக்கக்கூடாது, இதயம் நின்னுடும். போன் போடு, கேளு, மாத்தச் சொல்லு, மாத்தலன்னா மேல சொல்லு, ஊசி கையை விட்டுப் போகக் கூடாது. குடுத்தா எழுதினவர் மட்டும் இல்ல, குடுத்தவளும் பதில் சொல்லணும். ஒரு பொண்ணு இதை முதல் தடவை பண்ணும்போது கை நடுங்கும், குரல் உடையும், ஆனா அன்னைக்கு சாயந்தரம் அவ நடந்து போறதே வேற மாதிரி இருக்கும். நான் எத்தனையோ பேர் கிட்ட பாத்திருக்கேன். சர்ட்டிஃபிகேட் அதுக்கு அப்புறம் தான் வரும், ஆனா அவ நர்ஸ் ஆனது அன்னைக்குத்தான்.

2017ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல அலெக்ஸ் வபல்ஸ்னு ஒரு நர்ஸ். விபத்துல அடிபட்டு நினைவில்லாம கிடந்தவர் கிட்ட ரத்தம் எடுத்துக் குடுன்னு போலீஸ்காரர் நிக்கறார். அவங்க ஆஸ்பத்திரி விதியைக் கையில வச்சுக்கிட்டு, மேலதிகாரியை போன்ல வச்சுக்கிட்டு நிதானமா படிச்சுக் காட்டறாங்க, பேஷன்ட் சம்மதம் இல்ல, வாரன்ட் இல்ல, அவர் கைதியும் இல்ல, அதனால எடுக்க முடியாதுன்னு. அந்த இடத்துலயே விலங்கு மாட்டி இழுத்துட்டுப் போனாங்க. வீடியோ வெளிய வந்தப்புறம் போலீஸ்காரர் வேலை போச்சு, அது இருக்கட்டும். நான் பாடத்துல காட்டறது அவங்க விதியைப் படிச்ச அந்தக் கொஞ்ச நேரத்தை. தன் வீரத்தை எல்லாம் அவங்க காட்டல. இந்தப் பேஷன்ட்டால இப்போ பேச முடியாது, அவருக்காக நான் பேசணும்னு எங்க ஆளுங்க முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கோம், அதைத்தான் படிச்சாங்க. மேனேஜர் கேட்டப்போ உனக்கு வார்த்தை வரலன்னு எழுதியிருக்க. வார்த்தை ஏற்கனவே இருந்துச்சு, அந்த 2004 பட்டியல் தான் அது. நீ ஒருத்தி எழுதினதில்ல, எத்தனையோ வார்டுல நடந்த தப்புங்களைப் பாத்து எழுதினது.

தூண்விட்டம் தம்பி, பிடுங்க முடியறதுதான் தொழில்னு சொல்றது எனக்கு முழுசா ஒட்டல. பயத்துல நல்லா நடந்துக்கறவங்களை வச்சு ஒரு வார்டை ஓட்ட முடியாது, ராத்திரியில யாரும் பாக்க மாட்டாங்க.

---

தூண்விட்டம் எழுதியது:

அக்கா சொன்னது சரி, பயம் மட்டும் போதாது, அதை நான் அழுத்திட்டேன். கனடாவுல படிச்ச இன்ஜினியர்ங்க ஒரு இரும்பு மோதிரம் போட்டிருப்பாங்க, எழுதற கையோட சுண்டு விரல்ல. 1925ல இருந்து நடக்கற ஒரு சடங்குல போடறது. வரையும்போது அந்த விரல் பேப்பர்ல உரசிக்கிட்டே இருக்கும், அதுக்குத்தான் அந்த விரல். எந்த சட்டமும் அதைப் போடச் சொல்லல, கழட்டினா லைசென்ஸும் போகாது. அக்கா சொல்ற ராத்திரி நேரத்துக்கு அது.

அரைப்புள்ளி தம்பி, உங்க கேள்விக்கு நேரா பதில் இல்ல, ஆனா ஒரு சம்பவம் சொல்றேன். 1907ல கியூபெக் பாலம் கட்டிக்கிட்டிருக்கும்போதே விழுந்து 75 பேர் செத்தாங்க. சைட்ல நார்மன் மெக்லூர்னு ஒரு இளம் இன்ஜினியர் இருந்தார், கீழ்ப்பக்க ஸ்டீல் வளைஞ்சுக்கிட்டே வர்றதை அளந்து எழுதி மேல சொன்னார், அவருக்கு வேலையை நிறுத்தற அதிகாரம் இல்ல. சைட்ல இருந்த மத்தவங்க இந்த வளைவு முன்னாடியே இருந்திருக்கும்னு வாதம் பண்ணாங்க. தலைமை ஆலோசகர் நியூயார்க்ல உக்காந்திருந்தார். மெக்லூர் நேர்லயே போய்ச் சொன்னப்புறம் இதுக்கு மேல பாரம் ஏத்தாதீங்கன்னு அவர் தந்தி அடிச்சார், அதுவும் ஸ்டீல் கம்பெனிக்கு, பாலத்துக்கு இல்ல. அன்னைக்கு சாயந்தரமே விழுந்துடுச்சு. தப்பைக் கண்டுபிடிக்கற ஆள் சைட்லயே இருந்தார், நிறுத்தற ஆள் தான் இல்ல.

உங்க தொழிலுக்கு லைசென்ஸ் வர்றது வராதது உங்க கையில இல்ல. ஆனா உங்க டீம்ல ரிலீஸை நிறுத்துன்னு சொல்ற அதிகாரம் யாருக்கு இருக்குன்னு நாளைக்கே கேக்கலாம். ஏசிஎம்னு உங்க ஆளுங்க சங்கம் ஒண்ணு இருக்கே, அவங்க நெறிமுறையை 2018ல திருத்தி எழுதியிருக்காங்க, அதுல 1.2ன்ற பிரிவு தீங்கு செய்யாம இருக்கறது பத்தி. அதைப் படிங்க, டீம்லயும் படிக்கக் குடுங்க.

---

வெண்மேகம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, ரெண்டு நாளா இதையே திரும்பத் திரும்ப படிச்சுக்கிட்டிருந்தேன்.

பழையவார்டு அக்கா சொன்ன மாதிரி கவுன்சிலுக்கு போன் பண்ணேன், மருந்துப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலைன்னா எழுதி அனுப்புங்க, பரிசீலிக்கறோம்னு சொன்னாங்க. அனுப்பிட்டேன். செல்லாதுன்னு வந்தா திரும்ப வர்றவங்களுக்கான பயிற்சியைப் பண்ணலாம்னு இருக்கேன், வார்டுக்குப் போறதுக்குன்னு இல்ல, இந்த ஸ்கிரீனைப் பாக்கற பொண்ணுங்க இன்னைக்கு எந்த பம்ப்பு பக்கத்துல நிக்கறாங்கன்னு எனக்குத் தெரியணும். சாவி குடுக்க மாட்டேன்னு சொன்னது முதல்ல சுருக்குன்னு இருந்துச்சு அக்கா, அப்புறம் பாத்தா நானும் குடுக்க மாட்டேன்.

ரெண்டாம்குரல் சொன்ன பேப்பர் விஷயம் மனசுல நின்னுடுச்சு. எங்களுக்கும் அது உண்டு, டூட்டி மாத்தும்போது எழுத வேண்டியதை எல்லாம் எழுதினப்புறமும் "ஆறாம் கட்டில் ஆள் வலிக்குதுன்னு சொல்ல மாட்டார், முகத்தைப் பாரு"ன்னு வாயால சொல்லிட்டுப் போவோம்.

அரைப்புள்ளி தம்பி, நான் எப்படி நிறுத்தினேன்னு எழுதறேன், உபயோகப்படும். மீட்டிங்ல சண்டை போடல. ஒரே பக்கத்துல மூணு விஷயம் எழுதி அனுப்பினேன். இப்போ ஸ்கிரீன்ல என்ன தெரியுது, அதைப் படிக்கற நர்ஸ் என்ன பண்ணுவாங்க, அதனால பேஷன்ட்டுக்கு என்ன ஆகும். கூடவே அந்த ஸ்கிரீனோட பிரிண்ட் ஒண்ணு, புள்ளி கோட்டுக்குள்ள மறைஞ்சு 10ன்னு தெரியறது. கடைசியா, இது மாறாம நான் கையெழுத்துப் போட முடியாதுன்னு ஒரு வரி. டெவலப்பர் பையன் அந்த பிரிண்ட்டைப் பாத்துட்டு அன்னைக்கே மாத்திட்டான், யாரும் அவனுக்குச் சொல்லல, தானா பண்ணான். உங்க டீம்லயும் அப்படி ஆள் இருப்பாங்க, நீங்க தனி ஆள் இல்ல.

---

அரைப்புள்ளி எழுதியது:

அக்கா, கேட்டுப் பாத்தேன். நிறுத்துன்னு சொல்ற அதிகாரம் யார்கிட்டன்னு எங்க லீட் கிட்ட கேட்டதுக்கு அவரே கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு ப்ராடக்ட் மேனேஜர்னு சொன்னார், ப்ராடக்ட் மேனேஜர் கிட்ட கேட்டா லீட்னு சொல்றார். ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு உங்க மூணு கேள்வி இருக்கற பக்கத்தைக் காட்டினேன். அடுத்த ரிலீஸ்ல இருந்து செக்லிஸ்ட்ல போடலாம்னு ஒத்துக்கிட்டாங்க, யார் பேரைப் போடறதுன்னு மட்டும் இன்னும் முடிவாகல. என் பேரைப் போடச் சொல்லியிருக்கேன்.